முதுகுக்கு எரியும் லைட்: வீட்டு அறைகளுக்கு விளக்கு தேர்ந்தெடுப்பது எப்படி

போன ஆடி மாதம் அம்மா அடுக்களையில் நின்று சொளகில் (முறத்தில்) அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பகல் பதினோரு மணிதான். ஆனால் செங்கோட்டையில் சாரல் காலத்துப் பகல் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆரியங்காவு கணவாய் வழியாக மேகம் இறங்கி வந்து ஓட்டு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தலைக்கு மேலே புத்தம் புது எல்இடி டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது. அப்படியும் அம்மா சொளகைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு நடந்தாள். "ஏம்மா, லைட்டுதான் எரியுதே?" என்றேன். "எரியுது. என் முதுகுக்குல்லா எரியுது" என்றாள்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டியூப்லைட் அடுக்களை நடுக்கூரையில் இருக்கிறது, அம்மா மேடையைப் பார்த்து நிற்கிறாள், அவள் நிழல் அப்படியே சொளகின் மேல் விழுகிறது. இன்னும் நாலு லைட்டை அதே நடுக்கூரையில் மாட்டினாலும் நிழல் கூடுமே தவிர கல் தெரியாது. வெளிச்சம் எத்தனை வாட் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம், எந்தப் பக்கத்திலிருந்து எதன் மேல் விழப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு ஆரம்பித்து வீடு முழுக்க லைட்டை மாற்றினேன். சிலது சரியாக வந்தது, சிலதில் காசு போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கடையில் அட்டைப்பெட்டியைப் படிக்கப் பழகுங்கள். வாட் என்பது கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பது மட்டும்தான். வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமாராக 700 லூமன் கொடுத்தது, இன்றைய நல்ல 9 வாட் எல்இடி பல்பு 800, 900 கொடுக்கும். நாலடி எல்இடி டியூப், 20 வாட், சுமார் 2000 லூமன். ஒரே 9 வாட் என்று போட்டிருக்கும் இரண்டு பல்புகளில் ஒன்று 700, இன்னொன்று 950 லூமன் என்று இருக்கலாம், அதனால் பெட்டியில் லூமன் எண்ணே அச்சடிக்காத பல்பை நான் கையில் எடுப்பதில்லை. பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நிறம். அதைக் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள். 2700, 3000 என்றால் மஞ்சள், வார்ம் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். 4000 பாலும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் நடுவாந்திரம், நேச்சுரல் ஒயிட். 6500 என்பதுதான் நம் கடைகளில் சொல்லாமலே எடுத்து நீட்டும் நீலம் பாய்ந்த வெள்ளை. நம் ஊரில் வெள்ளையாக எரிந்தால்தான் வெளிச்சம் என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, டியூப்லைட் காலத்துப் பழக்கம். ஆனால் லூமன் ஒன்றாக இருந்தால் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறம்தான் வேறு.

மூன்றாவது, கடைக்காரரே பல சமயம் கண்டுகொள்ளாத எண்: சிஆர்ஐ. வெயிலில் ஒரு பொருள் எந்த நிறமாகத் தெரியுமோ அதற்கு எவ்வளவு பக்கத்தில் இந்த லைட் காட்டும் என்பதற்கான மதிப்பெண், முழு மதிப்பெண் 100. இது ஏன் எல்இடியில் இவ்வளவு முக்கியம் என்றால், வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்இடி, அதன் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் பொடியைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். (அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூன்று பேருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.) நீலமும் மஞ்சளும் இருக்கிறது, சிவப்புதான் குறைச்சல். மட்டமான பல்பில் தக்காளி செத்துப்போய்த் தெரியும், மீனின் செவுள் சிவப்பா பழுப்பா என்று தெரியாது, கருநீலச் சேலைக்குக் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அங்கே வெயிலில் தெரியவரும். சிஆர்ஐ 80க்குக் குறைந்து வாங்காதீர்கள். அடுக்களைக்கும் துணி மாற்றும் இடத்துக்கும் 90 கிடைத்தால் விலை கொஞ்சம் கூட ஆனாலும் அதையே வாங்குங்கள். எண் போட்டிருக்கவில்லை என்றால் ஒரு சின்ன வேலை செய்யலாம், பல்பை எரியவிட்டு உள்ளங்கையை அடியில் நீட்டிப் பாருங்கள், ரத்த ஓட்டம் உள்ள கையாகத் தெரிகிறதா, மெழுகுக் கை மாதிரி வெளிறித் தெரிகிறதா என்று.

கடையில் இன்னொரு சோதனையும் உண்டு. போனில் கேமராவைத் திறந்து ஸ்லோ மோஷனில் வைத்து எரியும் பல்பைப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டை ஓடினாலோ வெளிச்சம் துடித்தாலோ அந்தப் பல்பில் டிரைவர், அதாவது உள்ளே கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சர்க்யூட், மட்டம். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, மலிவான பல்பு அதற்கு ஈடாக நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் அதன் கீழ் ஒரு மணி நேரம் படித்தால் சிலருக்குத் தலை வலிக்கும். நான் ஆறு பல்பு பெட்டியாக மலிவில் வாங்கி வந்து வீட்டில் வைத்துச் சோதித்தேன், ஆறும் துடித்தது. இப்போது மாட்டுத்தொழுவத்தில் எரிகிறது, மாடு எதுவும் சொல்லவில்லை.

சரி, அடுக்களைக்கு வருவோம், அங்கேதான் வீட்டிலேயே கத்தியும் நெருப்பும் இருக்கிறது. நடுக்கூரை லைட் இருக்கட்டும், அதைக் கழற்ற வேண்டாம், உள்ளே நுழையும்போது போட அது வேண்டும். வேலை செய்யும் லைட் தனியாக ஒன்று வேண்டும், அது உங்கள் கைக்கும் உங்கள் நெஞ்சுக்கும் முன்னால் இருக்க வேண்டும். மேடைக்கு மேலே அலமாரி அடித்திருந்தால் அதன் அடியில் இரண்டடி டி5 பேட்டன் (ஒல்லியான டியூப்லைட்), 10 வாட், சுமார் 1000 லூமன், ஒன்றோ இரண்டோ போதும். அதை அலமாரியின் பின்பக்கம், சுவரை ஒட்டி மாட்டுவார்கள், விடாதீர்கள். அப்படி மாட்டினால் சுவர் டைல்ஸ்தான் ஜொலிக்கும். முன் விளிம்பை ஒட்டி, கீழே இறங்கும் ஒரு சின்ன மரப்பட்டிக்குப் பின்னால் மறைத்து மாட்டச் சொல்லுங்கள், கண்ணிலும் அடிக்காது. எங்கள் வீடு மாதிரி மேலே அலமாரி இல்லாத பழைய அடுக்களை என்றால் மேடையை ஒட்டி, நிற்பவர் முகத்துக்கு எதிரே இருக்கும் சுவரிலேயே, ஏழடி உயரத்தில், பால் நிற மூடி போட்ட டியூப்பை மாட்டலாம். கறுப்பு கிரானைட் மேடை என்றால் கண்டிப்பாகப் பால் நிற மூடி வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் லைட் கண்ணாடி மாதிரிப் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். நிறம் 4000. அம்மாவுக்கு இதைத்தான் செய்தேன். இப்போது சொளகு புறவாசலுக்குப் போவதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், வயதான கண் வேறு கண். இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் அறுபது வயதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே போகிறது. நமக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அம்மாவுக்குப் போதாது. அதே சமயம் கண்ணில் புரை ஆரம்பித்தவர்களுக்குக் கூச்சமும் அதிகம். அதனால் வெளிச்சம் கூடவும் வேண்டும், பல்பு நேராகக் கண்ணில் படவும் கூடாது.

பட்டாசல், அதாவது வீட்டுக் கூடம், வேறு கதை. எங்கள் ஊர் 1956 நவம்பர் வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து, திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர், பழைய வீடுகளில் இன்னும் அந்தச் சாயல் இருக்கும், கூரைக்குக் கீழே மரப்பலகை மச்சு, தரையில் சிவப்புக் காவி, ஆளுயரத்துக்குக் கீழே இறங்கும் ஓட்டு இறவாணம். பார்க்க அழகு. ஆனால் வயர்மேன் அண்ணன் ஏணியில் நின்றுகொண்டு சொன்ன மாதிரி, "மச்சு வீடு வெளிச்சத்தைக் குடிச்சிரும் அண்ணாச்சி." வெள்ளையடித்த கூரை தன் மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிக் கொடுக்கும், எண்ணெய் ஏறிக் கறுத்த தேக்குப்பலகை ஐந்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காது. அதற்கு அவர் சொன்ன வழி இன்னும் ரெண்டு டியூப் சேர்த்துப் போடுவது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கணக்கு இப்படிப் போடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி, 11 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, பேப்பர் புரட்ட, 150 லக்ஸ் இருந்தால் சௌகரியம். லக்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் விழுகிறது என்பதுதான். 11 பெருக்கல் 150, சுமார் 1650 லூமன் தரையில் விழ வேண்டும். வெளிர் சுவர், வெள்ளைக் கூரை என்றால் பல்பிலிருந்து கிளம்புவதில் பாதி வந்து சேரும், ஆக 3300 லூமன் வாங்க வேண்டும். மச்சு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது, அப்போது 5000. அவ்வளவையும் நடுவில் தொங்கவிட்டால் உட்கார முடியாது. அதனால் மச்சை மறந்துவிட்டுச் சுவரைப் பிடித்தேன். மூன்று சுவரை மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக்கி, தூண்களுக்கு மேலே கீழ்நோக்கிச் சுவரைத் தடவும்படி நாலு சுவர் லைட், 3000 கெல்வின், ஒவ்வொன்றும் 9 வாட். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அப்பா பேப்பர் படிக்கும் நாற்காலிக்குத் தனியாக ஒன்று, தோளுக்குப் பின்னால் இடது பக்கத்திலிருந்து. மொத்த லூமன் கணக்கை எட்டவேயில்லை, ஆனால் யாரும் இருட்டு என்று சொல்வதில்லை. நாம் நிமிர்ந்து நடக்கிறோம், கண்ணுக்கு எதிரே நிற்பது சுவர்தான், சுவர் வெளிச்சமாக இருந்தால் அறையே வெளிச்சமாகத் தோன்றும்.

இதற்கு நேர் எதிர் தென்காசியில் என் அண்ணன் கட்டிய புது வீடு. ஹாலில் பிஓபி சீலிங் அடித்தவர் இருபத்து நாலு ஓட்டை போட்டு இருபத்து நாலு வட்ட லைட்டை, எல்லாம் 6500, பதித்துவிட்டுப் போய்விட்டார். "உக்காந்தா ஆபரேஷன் தியேட்டர்ல படுத்த மாதிரி இருக்கு கொழுந்தா" என்கிறார் மதினி. இப்போது அவர்கள் எட்டை மட்டும் போடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்சாக வயர் இழுக்காததால் தப்பித்தார்கள். சீலிங் அடிக்கப் போகிறவர்கள் இவற்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள். லைட்டுகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குள் வரிசை கட்டி வைக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் சுவரில் வழியும். இரண்டு மூன்று சுவிட்சாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மின்விசிறி இறக்கைக்கு மேலே எந்த லைட்டும் வரக்கூடாது, வந்தால் விசிறி சுற்றும்போது அறை முழுக்கச் சினிமா பிலிம் மாதிரி வெட்டி வெட்டி ஓடும். டிவிக்கு எதிர்ச் சுவரிலும் லைட் வேண்டாம்.

படுக்கையறைக்கு மஞ்சள், 2700 அல்லது 3000, வேறு பேச்சே இல்லை. ராத்திரி நீலம் பாய்ந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் கூரை லைட்டை நான் எடுத்தே விட்டேன், தலைமாட்டுச் சுவரில் ஒன்று, பீரோவுக்கு எதிரே ஒன்று, அது மட்டும் சிஆர்ஐ 90. ராத்திரி எழுந்து போகிறவர்களுக்குக் கட்டில் காலடியில், முழங்காலுக்குக் கீழே, அரை வாட் லைட். பழைய ஜீரோ வாட் பல்பு என்று ஒன்று இருந்ததே, சிவப்பும் பச்சையுமாக, அது பெயருக்குத்தான் ஜீரோ, உண்மையில் 12, 15 வாட் இழுத்தது. எங்காவது மிச்சம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கு 300லிருந்து 500 லக்ஸ். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது பக்கத்திலிருந்து வெளிச்சம், இடது கைக்காரருக்கு வலது பக்கத்திலிருந்து. மேஜை விளக்கை மட்டும் எரியவிட்டு அறையை இருட்டாக்கிப் படிப்பது கண்ணைக் களைக்க வைக்கும், அறை லைட்டும் எரியட்டும். பாத்ரூமில் கண்ணாடிக்கு மேலே ஒரே லைட் போட்டால் புருவத்து நிழலும் மூக்கு நிழலும் முகத்தில் விழும், சவரம் செய்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் போடுங்கள். தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறி ஐபி44, அது போட்டது வாங்குங்கள். பூஜையறையில் குத்துவிளக்கு எரிகிறது, அதன் நிறம் 2000 கெல்வினுக்கும் கீழே, அதற்குப் பக்கத்தில் 6500 பல்பைப் போட்டால் திரி எரிவதே தெரியாது.

வெளியே வருவோம். சாரல் விட்ட மறுநாள் ராத்திரி ஈசல் கிளம்பும், வாசல் லைட்டைச் சுற்றி மேகம் மாதிரி மொய்க்கும், கதவைத் திறந்தால் சாம்பாரில்தான் வந்து விழும். பூச்சிகளை அதிகம் இழுப்பது புற ஊதாவும் நீலமும். 2700 மஞ்சள் பல்புக்கு வரும் கூட்டம் குறைவு, சுத்தமாக வராது என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய வித்தியாசம் கொடுத்தது இடம். கதவு நிலைக்கு மேலே இருந்த லைட்டை எடுத்து, எட்டடி தள்ளி மதில் தூணில் மாட்டி, கீழ்நோக்கி மூடி போட்டுத் திண்ணைப் பக்கம் திருப்பினேன். ஈசல் அங்கேயே சுற்றிக்கொள்கிறது, பல்லிகளும் குடிமாறிவிட்டன, படிக்கட்டும் தெரிகிறது. மழை சாய்த்து அடிக்கும் ஊர், மழையைத் தாங்கும் ஐபி65 குறி இல்லாத எதையும் வெளியே மாட்டாதீர்கள்.

கரண்ட் விஷயம். காற்றுக் காலத்தில் மரக்கிளை ஒடிந்து லைன் போவதும், வோல்டேஜ் ஏறி இறங்குவதும் இங்கே சாதாரணம். பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை என்றும், சர்ஜ் (திடீரென்று எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு உண்டு என்றும் போட்டிருப்பதைத் தேடுங்கள். பத்து வருஷம் உழைக்கும் என்று வாங்கிய பல்பு ஆறு மாதத்தில் போவதற்குப் பாதி காரணம் இந்த ஏற்ற இறக்கம், மீதிப் பாதி சூடு. எல்இடியின் சூடு பின்பக்கமாகத்தான் போக வேண்டும், அதைக் காற்றுப் போகாத கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். பழைய பூப்போட்ட குளோப்புக்குள் எல்இடி போடுவதாக இருந்தால் 5 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக்மினுக்கென்று மங்கலாக எரிகிறதா? பேய் இல்லை. சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் சொட்டுக் கரண்ட் அது. இண்டிகேட்டர் இல்லாமலே எரிந்தால் சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருக்கலாம். அப்படியென்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும், கையை வைக்காமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டு அரங்கில் (உள்ளறையில்) அப்படித்தான் இருந்தது, எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

மிச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். சோக் வைத்த பழைய 40 வாட் டியூப், சோக்கையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்இடி 20. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் ஒரு லைட்டுக்கு ஒன்பது பத்து யூனிட் குறையும். மலைக்கு அந்தப் பக்கம் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யே பழைய பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி கொடுக்கும் திட்டம் நடத்தியது, புனலூரில் இருக்கும் அத்தை வீட்டில் ஏழெட்டுப் பல்பு அப்படி வந்தவைதான். 2015இல் மத்திய அரசு ஆரம்பித்த உஜாலா திட்டமும் எல்இடி பல்புக்கானதுதான், சொட்டு நீலம் இல்லை.

கடைசியாக, வயர்மேனைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து மீட்டர் வயர், ஒரு முனையில் ஹோல்டரும் பல்பும், மறுமுனையில் பிளக், எல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒழுங்காக. ஒருவர் பல்பைச் சுவரில் அங்கே இங்கே பிடிக்க, இன்னொருவர் அந்த அறையில் தான் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்ய வேண்டும், காய் நறுக்குகிறவர் நறுக்க, படிக்கிறவர் படிக்க. நிழல் கையை விட்டு விலகும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. எங்கள் வீட்டில் நான் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா சொளகோடு நின்றாள். "இன்னுங் கொஞ்சம் எறக்கு... வலப்பக்கம் போ... ஏல, கண்ணுல அடிக்குது... ஆங், அங்கன வை." அந்தப் பென்சில் குறி இன்னும் சுவரில் இருக்கிறது, டியூப்புக்கு அரை அங்குலம் கீழே.